என்டி ஃபில்டர் வாங்கும் முன் ஒரு வகுத்தல் கணக்கு: ட்ரோனில் ஆக்‌ஷன் கேமரா மாட்டுபவர்களுக்கு

என்னிடம் ட்ரோன் பழக வரும் தம்பிகள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது: "அண்ணா, என்டி எத்தனை வாங்கணும்?" என்டி என்பது லென்ஸ் மேல் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் ஃபில்டர்; எத்தனை என்பது அதன் மேல் இருக்கும் எண். பதினாறு, முப்பத்திரண்டு என்று ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பிவிடலாம். ஆனால் அந்த எண் எனக்கு, என் கேமராவுக்கு, நான் பறக்கவிடும் நேரத்துக்குச் சரியான எண். அதனால் நான் திருப்பிக் கேட்பேன்: எத்தனை மணிக்கு எடுக்கப்போகிறாய்? தரையை ஒட்டியா, உயரத்திலா? அந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால், மிச்சம் வெறும் வகுத்தல் கணக்குதான். அந்தக் கணக்கை முழுதாகச் சொல்லிக்கொடுக்கத்தான் இந்தக் கட்டுரை. சொந்தமாகக் கட்டிய எஃப்பிவி ட்ரோன் (கண்ணில் மாட்டும் கண்ணாடித் திரையில் பார்த்து ஓட்டுவது) மேல் கோப்ரோ மாதிரி ஒரு ஆக்‌ஷன் கேமராவை மாட்டிப் படமெடுக்கப் புதிதாக வருபவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பாருங்கள்

ஃபில்டருக்கு முன்னால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. வட சென்னையில் துறைமுகம், மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் பக்கத்து அனல் மின் நிலையம், காமராஜர் துறைமுகம் என்று பாதுகாப்பு முக்கியத்துவம் உள்ள இடங்கள் கடற்கரை நெடுகவும் உள்ளேயும் வரிசையாக இருக்கின்றன. காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் காலையில் மேலிருந்து எவ்வளவு அழகாக இருக்கும் என்று எல்லோருக்கும் ஆசை வரும். அதை ஒட்டியே சென்னைத் துறைமுகம் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தின் வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். பச்சையில் 400 அடி வரைதான். வரைபடம் பச்சையாக இருந்தாலும், பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது. எங்கே பறக்கவிடுகிறேன் என்று நான் இங்கே இடம் சொல்லவில்லை; நேற்றுச் சரியாக இருந்த இடம் நாளை இல்லாமல் போகலாம்.

எடையும் இதோடு சேர்ந்ததுதான். 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. இது ட்ரோனின் வெறும் எடை அல்ல. பேட்டரி, கேமரா எல்லாம் சேர்ந்து பறக்கும் எடை. முழு அளவு கோப்ரோ ஒன்றே 150 கிராமுக்குக் கொஞ்சம் மேல் வரும். 245 கிராமில் அளந்து கட்டிய குட்டி ட்ரோனில் ஒரு கண்ணாடி ஃபில்டரை மாட்டினால் எல்லையைத் தொட்டுவிடும். சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் மாட்டி ஒரு முறை நிறுத்துப் பாருங்கள்.

அப்புறம் மாஞ்சா. தடை இருந்தும், பள்ளி விடுமுறையில் எங்கள் பக்கம் மாலை நேரத்தில் காத்தாடி ஏறாத வானம் இல்லை. அறுந்து தொங்கும் மாஞ்சா நூல் கேமராவில் தெரியாது, கண்ணாடித் திரையிலும் தெரியாது. காத்தாடி பறந்தால் ட்ரோனை எடுக்காதீர்கள்.

ஃபில்டர் செய்யும் வேலை

என்டி ஃபில்டர் என்பது கேமராவுக்குப் போடும் கூலிங் கிளாஸ். நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்க வேண்டும். அதன் வேலை அவ்வளவுதான். பெரிய கேமராவில் வெளிச்சத்தைக் குறைக்க மூன்று வழிகள் உண்டு: லென்ஸின் துளையைச் சுருக்கலாம், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்து வேகமாக்கலாம், சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவைக் குறைக்கலாம். ஆக்‌ஷன் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் துளை சுருங்காது. கோப்ரோ ஹீரோ 9 முதல் 12 வரை எஃப் 2.5 என்று நிலையாக இருக்கும். ஐஎஸ்ஓவும் 100க்குக் கீழே இறங்காது. மிச்சம் இருப்பது ஷட்டர் ஒன்றுதான். மே மாத வெயிலில் கேமராவைத் தானியங்கியில் விட்டால் அது ஷட்டரை 1/2000, 1/3000, 1/4000 விநாடி என்று ஏற்றிக்கொண்டே போகும்.

அதனால் என்ன கெட்டுப்போகிறது? உங்கள் ட்ரோன் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 15 மீட்டர் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/50 விநாடி திறந்திருந்தால் அந்த நேரத்துக்குள் கேமரா 30 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். தரையில் கிடக்கும் சரளைக்கல் ஒவ்வொன்றும் கோடாக இழுபடும். அந்த இழுபடல்தான் பார்ப்பவர் கண்ணுக்கு வேகம். 1/3000 வைத்தால் கேமரா வெறும் 5 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். ஒவ்வொரு கல்லும் கத்தி மாதிரி துல்லியமாக நிற்கும். துல்லியம் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அப்படி உறைந்த படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்போது காட்சி தத்தித் தத்திப் போகும்; எவ்வளவு வேகமாகப் பறந்திருந்தாலும் வேகம் தெரியாது.

இதைக் கணக்காகப் படிப்பதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. வீட்டில் செய்து பாருங்கள். ஜன்னல் வெளிச்சம் நன்றாக வரும் அறையில் சீலிங் ஃபேனைச் சுற்றவிட்டு, கேமராவைக் கட்டிலில் மேல் நோக்கி வையுங்கள். விநாடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 தனிப் படம். முதலில் ஷட்டர் 1/50, பிறகு 1/100, 1/200, கடைசியாக 1/800. ஒவ்வொன்றிலும் பத்து விநாடி. நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றும் ஃபேன் 1/50 விநாடியில் 36 பாகை திரும்பும்; 1/800இல் இரண்டே கால் பாகைதான். முதல் கிளிப்பில் இறக்கைகள் பால் கலந்த மாதிரி கரைந்து ஓடும். கடைசி கிளிப்பில் மூன்று இறக்கையும் தனித்தனியாக நின்று, நின்று, துள்ளும். இறக்கை ஓரத்தில் ஒட்டியிருக்கும் தூசி வரிகூடத் தெரியும். நான் இதைச் செய்தபோது அம்மா வந்து, "ஏம்பா, ஓடுற ஃபேன்ல என்ன இருக்குன்னு இவ்ளோ நேரம் எடுக்கிற?" என்றார். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நான்கு கிளிப்பையும் காட்டினேன். "இது நிஜமா சுத்துது, அது ஆடுது" என்று 1/50ஐயும் 1/800ஐயும் சரியாகப் பிரித்துச் சொன்னார். ஷட்டர் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

எவ்வளவு இழுபடல் வேண்டும்

பழைய ஃபிலிம் சினிமா கேமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு வட்டத் தகடு சுழலும். அதில் பாதி வெட்டப்பட்டிருக்கும், அதாவது 180 பாகை. எனவே ஒவ்வொரு ஃப்ரேமும் தன் நேரத்தில் பாதி வெளிச்சம் வாங்கும். அந்தப் பழக்கம்தான் இன்றைக்கும் விதியாக இருக்கிறது: விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஷட்டர் 1/50, 50 ஃப்ரேம் என்றால் 1/100, 30 ஃப்ரேம் என்றால் 1/60.

நான் 25, 50 என்றே எழுதுகிறேன், 30, 60 என்று எழுதவில்லை. காரணம் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தெருவிளக்கும் மைதான விளக்கும் அதனால் விநாடிக்கு 100 முறை மினுக்கலாம். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 1/50, 1/100 ஷட்டருக்குள் அந்த மினுக்கல் முழு எண்ணிக்கையில் அடங்கிவிடும், படம் அமைதியாக இருக்கும். 1/60 வைத்தால் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழும் நகரும். கேமராவின் அமைப்பில் (செட்டிங்ஸ்) 50 ஹெர்ட்ஸ் அல்லது PAL என்று இருக்கும். வாங்கிய அன்றே அதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

இப்போது 180 பாகை விதிக்கு ஒரு திருத்தம். புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று படியுங்கள். ஆக்‌ஷன் கேமராவில் ஆட்டம் நீக்கும் வசதி இருக்கிறது. ஹைப்பர்ஸ்மூத் மாதிரி கேமராவுக்குள்ளேயே நடப்பது உண்டு. கைரோஃப்ளோ மாதிரி பிறகு கணினியில் செய்வதும் உண்டு. இரண்டும் செய்வது ஒன்றுதான்: ஒவ்வொரு ஃப்ரேமையும் எடுத்து, ட்ரோன் ஆடிய திசைக்கு எதிர்த் திசையில் நகர்த்தி நேராக்குகிறது. ஃப்ரேமை நேராக்க முடியும். அந்த ஃப்ரேமுக்குள் ஏற்கெனவே பதிந்த இழுபடலை நீக்க முடியாது. காற்றில் ட்ரோன் ஒரு குலுக்குக் குலுக்கினால், அந்த ஒரு ஃப்ரேம் மட்டும் குறுக்காக இழுபட்டிருக்கும். திருத்திய வீடியோவில் காட்சி அசையாமல் நிற்கும், ஆனால் திடீர் திடீரென்று மங்கித் தெளியும். ஃபோக்கஸ் போய்விட்டதோ என்று தோன்றும். ஃபோக்கஸ் அல்ல, அது நீங்கள் விதியை அப்படியே கடைப்பிடித்ததன் பலன்.

அதனால் ஆட்டம் நீக்கப்போகிறீர்கள் என்றால் ஷட்டரை ஒரு படி வேகமாக வையுங்கள். 25 ஃப்ரேமுக்கு 1/100, 50 ஃப்ரேமுக்கு 1/200. கடற்காற்று வலுக்கும் பிற்பகலில் இது கட்டாயம். நான் 50 ஃப்ரேம், 1/200இல்தான் பெரும்பாலும் எடுக்கிறேன். வேகமும் தெரியும், மங்கலும் வராது. விளக்கொளியில் மட்டும் 1/200 வேண்டாம். மேலே சொன்ன மினுக்கல் திரும்ப வந்துவிடும். அங்கே 1/100, ஃபில்டர் இல்லாமல்.

உயரத்தில் மெதுவாகப் போகும்போது இந்தக் கவலையே இல்லை. 300 அடியில் மிதந்துகொண்டு கீழே தெருக்களைக் காட்டும் காட்சியில் ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே நகர்வே மிகக் குறைவு. ஃபில்டர் போட்டாலும் போடாவிட்டாலும் வித்தியாசம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஃபில்டர் தன் காசுக்கு வேலை செய்வது தரையை, சுவரை, மரத்தை ஒட்டிப் பறக்கும்போதுதான்.

வகுத்தல் கணக்கு

என்டி என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எண், வெளிச்சத்தை எத்தனையால் வகுக்கிறது என்பதைச் சொல்கிறது. என்டி8 எட்டில் ஒரு பங்கை உள்ளே விடும், என்டி16 பதினாறில் ஒரு பங்கை. அவ்வளவுதான், இதில் மர்மம் இல்லை. சில பெட்டிகளில் 0.6, 0.9, 1.2, 1.5, 1.8 என்று அச்சிட்டிருப்பார்கள். அவை முறையே 4, 8, 16, 32, 64. கடையில் 0.9 என்று பார்த்துவிட்டு ஏதோ லேசான ஃபில்டர் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி செய்ய வேண்டியது. நீங்கள் பறக்கவிடப்போகும் இடத்துக்கு, பறக்கவிடப்போகும் நேரத்தில் போங்கள். ஃபில்டர் இல்லாமல், ட்ரோனைத் தரையிலேயே வைத்துவிட்டு, கேமராவை மட்டும் கையில் பிடியுங்கள். புகைப்பட முறைக்கு மாற்றி ஐஎஸ்ஓவின் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் 100 என்று பூட்டுங்கள். எந்தத் திசையில் பறக்கப்போகிறீர்களோ அந்தத் திசையில், வானம் மூன்றில் ஒரு பங்கு வரும்படி ஒரு படம் எடுங்கள். அதைப் போனில் திறந்து படத்தின் விவரத்தைப் பாருங்கள். ஷட்டர் எண் அங்கே இருக்கும்.

1/1600 என்று காட்டுகிறதா? உங்களுக்கு வேண்டிய ஷட்டர் 1/200. 1600ஐ 200ஆல் வகுத்தால் 8. என்டி8 மாட்டுங்கள். அதே வெளிச்சத்தில் 1/100 வேண்டுமென்றால் 16. 1/50 வேண்டுமென்றால் 32. எந்தப் பட்டியலையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பட்டியல்களை நான் நம்பாததற்குக் காரணம், அவற்றில் 'வெயில்', 'மேகமூட்டம்' என்று இரண்டு மூன்று கட்டங்கள்தான் இருக்கும். நம் கடற்கரையில் ஒரே வெயிலுக்குப் பல முகம் உண்டு. திருவொற்றியூர் பக்கம் கடலரிப்பைத் தடுக்கப் போட்டிருக்கும் கருங்கல் தூண்டில் வளைவுகளை நோக்கிக் கேமராவைத் திருப்பினால் ஒரு எண் வரும். அதன் மேல் மோதி உடையும் நுரையை நோக்கித் திருப்பினால் வேறு எண். தகரக் கூரைகள் நிறைந்த தெரு, வெளிர் மணல், செம்மண் மைதானம் எல்லாம் வேறு வேறு. கிழக்கே கடல் இருப்பதால் காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் சூரியனுக்கு எதிரே எடுக்கிறீர்கள். மதியம் மூன்று மணிக்கு மேல் அதே கடல், சூரியன் முதுகில். பட்டியலில் இரண்டும் 'வெயில்'தான். கேமராவிடம் கேட்டால் அது உண்மையைச் சொல்லும்.

உச்சி வெயிலுக்கு ஒரு பழைய கணக்கும் கைவசம் இருக்கட்டும். முழு வெயிலில் எஃப் 16 துளையில், ஐஎஸ்ஓ 100இல் ஷட்டர் ஏறக்குறைய 1/100 என்பது ஃபிலிம் காலத்துப் புகைப்படக்காரர்கள் வெளிச்சம் அளக்கும் மீட்டர் இல்லாமலேயே வைத்திருந்த அளவு. அதை எஃப் 2.5க்கு மாற்றினால் 1/4000 அருகே வரும். அதை வகுத்தால் 1/50க்கு 80, 1/100க்கு 40, 1/200க்கு 20. நண்பகலில் நீங்கள் எடுத்த படம் இதற்கு வெகு தூரத்தில் ஒரு எண்ணைக் காட்டினால், ஐஎஸ்ஓ பூட்டப்படவில்லையா என்று பாருங்கள்.

20 என்று வந்தால் 16ஆ, 32ஆ? இது கேமராவை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஷட்டரைப் பூட்டி வைத்திருந்தால் பெரிய எண்ணுக்குப் போங்கள். ஐஎஸ்ஓ 100க்குக் கீழே இறங்க முடியாததால், ஃபில்டர் போதாவிட்டால் வானமும் நுரையும் வெளுத்துப்போய்விடும். வெளுத்ததை எந்த எடிட்டிங்கிலும் மீட்க முடியாது. ஃபில்டர் கொஞ்சம் அதிகமானால் ஐஎஸ்ஓ 160, 200 என்று ஏறிச் சமாளித்துக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரைத் தானியங்கியில் விட்டிருந்தால் சிறிய எண் போதும். மிச்ச வெளிச்சத்தைக் கேமரா ஷட்டரில் சரிசெய்துகொள்ளும்.

நான் பூட்டித்தான் எடுக்கிறேன். ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 100 முதல் 400 வரை, ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) 5500இல் நிலையாக, எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) அரைப் படி குறைவாக, ஷார்ப்னஸ் கீழ் அளவில். ஐஎஸ்ஓவுக்கு அந்த இரண்டு படி இடம் விடுவது, வெயிலில் இருந்து மர நிழலுக்குள் நுழைந்து வெளியே வரும்போது படம் இருண்டுபோகாமல் இருக்க. ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால், மணலில் இருந்து கடலுக்குத் திரும்பும் ஒரே ஷாட்டில் நிறம் இரண்டு முறை மாறும். அதைச் சரிசெய்ய எடிட்டிங்கில் ஒரு நாள் போகும்.

எதை வாங்குவது

முதல் காசுக்கு என்டி16. காலை ஒன்பதில் இருந்து மாலை நான்கு வரை நம் வெயிலில் இதை வைத்தே ஓட்டிவிடலாம். நண்பகலில் போதாவிட்டால் ஷட்டரை 1/400க்கு ஏற்றுங்கள். 4000ஐ 400ஆல் வகுத்தால் 10, 16க்குள் அடங்கிவிடும். இழுபடல் கொஞ்சம் குறையும், ஆனால் 1/4000ஐ விட எவ்வளவோ மேல். இரண்டாவதாக என்டி32, மூன்றாவதாக என்டி8. என்டி4 மேகமூட்ட நாளுக்கு, ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு. என்டி64 ஆட்டம் நீக்காமல் 1/50இல் எடுப்பவர்களுக்கு மட்டும். ஆறு ஃபில்டர் செட்டாக வாங்கியவர்கள் பெட்டியில் மூன்று புதிதாகவே இருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கேமரா மாடலுக்கே உரிய ஃபில்டர்தானா என்று பாருங்கள். ஹீரோ 9 முதல் 12 வரை லென்ஸ் மூடியைத் திருகிக் கழற்றி, அதே இடத்தில் ஃபில்டரைத் திருகி மாட்டலாம். ஹீரோ 8இல் மூடி கழலாது, மேலே பொருத்தும் வகைதான். ஹீரோ 13இல் மாட்டும் முறையே வேறு. 4, 8, 16, 32 என்று நான்கு ஃபில்டர் செட்டாக வருகிறது, எது மாட்டியிருக்கிறது என்பதைக் கேமராவே தெரிந்துகொள்ளும். பழைய ஃபில்டர் அதில் பொருந்தாது. டிஜேஐ ஆக்‌ஷன், இன்ஸ்டா360 எல்லாவற்றுக்கும் தனித்தனி. மூடியைக் கழற்றிய கேமராவுக்குத் தண்ணீர்ப் பாதுகாப்பு கிடையாது என்பதும் நினைவில் இருக்கட்டும். அலைக்கு மேல் பறக்கும் முன், ஃபில்டரில் ரப்பர் வளையம் இருக்கிறதா, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

எடை குறைக்க வெளிக்கூட்டைக் கழற்றித் தோலுரித்த கேமராக்களுக்கு என்டி ஜெல் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளை வட்டமாக வெட்டி ஒட்டுபவர்கள் உண்டு. மலிவு, எடையே இல்லை, மோதினால் உடையாது. கீறல் சீக்கிரம் விழும், அதனால் கழற்றிக் கழற்றி மாட்டாமல் வெட்டிய துண்டைப் போட்டுவிட்டு அடுத்த துண்டை எடுப்பதுதான் வழி. விரல் ரேகை படாமல் வெட்டப் பழகினால் தொடக்கத்துக்கு இது தாராளமாகப் போதும்.

இரண்டு வகைகளைத் தவிருங்கள். ஒன்று, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் சேர்ந்த என்டி. போலரைசர் ஒரு திசைக்குத் திருப்பி வைத்தால்தான் பயன். ட்ரோன் சாய்ந்து திரும்பும் ஒவ்வொரு நொடியும் அந்தத் திசை மாறும். கடலின் மினுமினுப்பு ஒரு திருப்பத்தில் காணாமல் போய் அடுத்ததில் திரும்ப வரும். அகலமான லென்ஸில் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் அடர் நீலமாக நிற்கும்.

இன்னொன்று, திருகித் திருகி அளவை மாற்றும் வேரியபிள் என்டி. 'ஒன்று வாங்கினால் போதும்' என்று கடையில் சொன்னதை நம்பி நான் முதலில் வாங்கியது அதுதான். வியாசர்பாடியில் ஒரு காலை நேரக் கால்பந்துப் பயிற்சி. விளையாடும் பிள்ளைகளிடமும் பயிற்சியாளரிடமும் கேட்டுக்கொண்டு, விசிறிக்குக் காப்பு வளையம் போட்ட சின்ன ட்ரோனில் கோல் கம்பத்தை ஒட்டித் தாழ்வாகப் பறந்து எடுத்தேன். வெயில் நன்றாக ஏறியிருந்ததால் ஃபில்டரை முழுதாகத் திருகிவைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், எல்லாக் கிளிப்பிலும் நடுவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு கறுப்பு நிழல். பந்து அந்த நிழலுக்குள் போய்ப் போய் வந்தது. இந்த ஃபில்டர் உண்மையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போலரைசர். அகலமான லென்ஸில் கடைசி வரை திருகினால் அந்தப் பெருக்கல் குறி வரத்தான் செய்யும். அன்றைக்கு மழையில்லாத ஒரு ஞாயிறு காலை முழுதும் ஓடிய பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரு நல்ல ஷாட்கூட என்னிடம் இல்லை. அது இன்னும் மனதில் இருக்கிறது.

வாங்கியதும் சோதியுங்கள்

பெட்டியில் 16 என்று அச்சிட்டிருப்பதாலேயே அது 16 ஆகிவிடாது. மொட்டை மாடியில், மேகம் மறைக்காத பத்து நிமிடம் போதும். ஒரு வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். ஒயிட் பேலன்ஸ் 5500, ஐஎஸ்ஓ 100 பூட்டு. ஃபில்டர் இல்லாமல் ஒரு படம், ஃபில்டருடன் ஒரு படம். இரண்டு ஷட்டர் எண்ணையும் வகுத்துப் பாருங்கள். 1/1600, 1/100 என்று வந்தால் சரியான 16. 1/1600, 1/140 என்று வந்தால் உங்கள் கையில் இருப்பது ஏறக்குறைய 11. திருப்பிக் கொடுக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை; ஃபில்டர் சட்டத்தின் ஓரத்தில் உண்மையான எண்ணை எழுதிவைத்து, கணக்கில் அதையே போடுங்கள்.

அதே இரண்டு படத்தில் தாளின் நிறத்தையும் பாருங்கள். மலிவான அடர்த்தியான ஃபில்டர்கள் தாளைப் பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ காட்டும். கொஞ்சமாக இருந்தால் எடிட்டிங்கில் சரிசெய்யலாம். ஒரே செட்டில் 8 பச்சையாகவும் 32 பழுப்பாகவும் இருந்தால் அந்த செட் வேண்டாம். காலை ஷாட்டையும் மதிய ஷாட்டையும் ஒட்டவே முடியாது. கடைசியாக, கேமராவின் மிக அகலமான கோணத்தில் வைத்து நான்கு மூலையும் கறுக்கிறதா என்று பாருங்கள்.

படம் ஜெல்லி மாதிரி நெளிகிறது என்பதற்காக என்டி வாங்க வருபவர்களும் உண்டு. சென்சார் படத்தை வரி வரியாக வாசிக்கிறது; ட்ரோன் அதிர்ந்தால் ஒவ்வொரு வரியும் வேறு இடத்தில் பதியும். ஷட்டர் மெதுவானால் அந்த நெளிவு கொஞ்சம் கரைந்து மறையும், உண்மைதான். ஆனால் நுனி வளைந்த ப்ரொப்பல்லரையும் தளர்ந்த மோட்டார் திருகாணியையும் மாற்றாமல் ஃபில்டரால் மறைப்பது, ட்ரோன் ஒரு நாள் நடுவானில் பழிவாங்க விடுவது. முதலில் ப்ரொப்பல்லரை மாற்றுங்கள்.

களத்தில்

கடற்கரையில் நின்றுகொண்டு ஃபில்டர் மாற்றாதீர்கள். காற்றோடு வரும் மணலும் உப்பும் லென்ஸுக்கும் ஃபில்டருக்கும் நடுவே போய் உட்கார்ந்தால் அன்றைய படம் முழுதும் புள்ளி. வீட்டிலேயே மாட்டிக்கொண்டு போங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால் காற்றுக்கு முதுகு காட்டி, பைக்குள் கையை விட்டு மாற்றுங்கள். ஏசி அறையில் இருந்து எடுத்த கேமராவை நேராக நம் புழுக்கத்துக்குள் கொண்டுவந்தால் ஃபில்டரின் உள்பக்கம் ஆவி படியும். பையிலேயே மூடியபடி இருபது நிமிடம் விட்டு எடுங்கள்.

ஒரு பேட்டரிக்கும் அடுத்த பேட்டரிக்கும் நடுவே வெளிச்சம் மாறிவிட்டதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சூரியன் சாயத் தொடங்கினால் வேகமாகச் சாயும். நான்கு மணிக்குச் சரியாக இருந்த என்டி16, ஐந்தரைக்கு ஐஎஸ்ஓவை மேல் எல்லைக்குத் தள்ளிவிடும். அதற்கும் மேல் படம் இருண்டு, நிழல் பகுதியெல்லாம் புழு நெளிவது மாதிரி புள்ளிகள் ஓடும். சூரியன் மறைந்த பிறகு எந்த ஃபில்டரும் வேண்டாம், கழற்றிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஃபில்டரைத் துணியால் தேய்க்காதீர்கள். உப்பும், எண்ணூர் பக்கம் போய் வந்திருந்தால் நுண்ணிய சாம்பலும் அதன் மேல் இருக்கும். தேய்த்தால் மேல்பூச்சில் கோடு விழும். காற்றடிக்கும் ரப்பர் பந்தால் ஊதி, ஃபில்டரைத் தனியாகக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்ததும் பழைய மூக்குக்கண்ணாடி டப்பாவில், ஒன்றோடொன்று உரசாமல் நடுவே பஞ்சு வைத்து, எண் மேலே தெரியும்படி அடுக்கிவையுங்கள்.